ராஜபாட்டையில் ஒரு குடும்பஸ்தன்

நடப்பதில் எனக்குக் கொள்கைரீதியான எதிர்ப்பு எதுவும் கிடையாது. அடுத்தவர்கள் நடந்தால் ஒதுங்கி வழிவிடுவேன். "தினமும் முக்கால் மணி நேரம் நடங்க சார்" என்று எங்கள் டாக்டர் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். நானும் பார்க்கும்போதெல்லாம் பணிவாகத் தலையாட்டுகிறேன். எங்கள் இருவருக்கும் இடையே நல்ல புரிதல் நிலவிவந்தது. அந்தப் புரிதலைக் கெடுக்கவென்றே ஒரு நாடு இருக்கிறது என்பது, என் மைத்துனன் ஸ்விட்சர்லாந்துக்கு வேலைக்குப் போய், "அக்காவையும் அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க மாமா" என்று கூப்பிடும்வரை எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் சினிமா ஸ்விட்சர்லாந்து. அதில் யாரும் மலை ஏறுவதில்லை. பல்லவியில் ஏரிக்கரையில் நிற்பார்கள், முதல் சரணத்தில் மலையுச்சியில் நிற்பார்கள். நடுவில் இருக்கிற தூரத்தை எடிட்டர் பார்த்துக்கொள்வார். அந்த எடிட்டரை நம்பித்தான் நான் விசாவுக்கே விண்ணப்பித்தேன்.

மைத்துனன் எங்களைக் கொண்டுபோய் இறக்கிய ஊர் வெங்கன். பெர்ன் மாநிலத்து மலைகளில் 1,274 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எதிரே 4,158 மீட்டருக்கு யுங்ஃபிராவ் சிகரம் வெள்ளை வெளேரென்று நிற்கும். கீழே லாட்டர்புரூனன் பள்ளத்தாக்கிலிருந்து பல்சக்கர ரயிலில்தான் ஊருக்கு ஏற வேண்டும். (நம் ஊட்டி ரயிலின் பல்சக்கர முறையும் ரோமான் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளருடையதுதான். அதன் நீராவி இன்ஜின்களில் பழையவை விண்டர்தூரில் செய்தவை. மேட்டுப்பாளையத்தில் எப்போது கேட்டாலும் "டிக்கெட் இல்லை" என்று கேட்டே பழகிய எனக்கு, அந்த ரயிலின் பிறந்த வீட்டிலாவது ஜன்னலோரம் கிடைத்தது.) ஊருக்குள் கார் கிடையாது என்றான் மைத்துனன். ஆகா, என்ன அமைதி என்று ஸ்டேஷன் வாசலில் நின்று உருகினேன். கார் இல்லாத ஊரில் ஆட்டோவும் இருக்காது என்கிற மறுபாதி, பெட்டியைத் தூக்கும்போதுதான் உறைத்தது.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஒரு வரைபடத்தை விரித்தான். என் முகத்தைப் பார்க்காமலே பேசினான். "சும்மா நடக்கச் சொல்லல மாமா. இங்க ஒவ்வொரு பாதைக்கும் ஒரு தீம் இருக்கு."

இருந்தது. மென்லிகன் மலைமேல் ஒரு ராஜபாட்டை, நடந்து முடித்தால் உச்சியில் கிரீடம். அதே மலையில் குழந்தைகளுக்காக ஒரு பசுமாட்டுப் பாதை. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ம்யூரனுக்கு மேலே ஒரு பூப்பாதை. இந்தப் பக்கம் ஐகர் மலையில் ஏறினவர்களையும் ஏறப் போய்த் திரும்பாதவர்களையும் பற்றிச் சொல்கிற பாதை. ஷில்ட்ஹார்ன் என்று இன்னொரு சிகரம். 1969ல் வந்த ஜேம்ஸ் பாண்டு படத்தை அங்கே எடுத்த புண்ணியத்தில், அதன்மேல் எதைத் தொட்டாலும் 007.

வீடு உடனே கட்சி பிரிந்தது. மனைவி ராஜபாட்டை. பையன் பாண்டு. மாமியார் பசு, பூ இரண்டும். "உங்களுக்கு எந்தத் தீம்ங்க?" என்றாள் மனைவி.

"உட்கார்றதுக்குன்னு ஏதாவது போட்டிருக்கானா பாரு."

இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தைப் படுக்கையில் கிடந்தபடி யோசித்தேன். யோசனைக்கு எனக்கு அந்த நிலைதான் ஒத்துவரும். குளிர்காலத்தில் இவர்கள் பனிச்சறுக்கில் சம்பாதிக்கிறார்கள். பனி கரைந்ததும் அத்தனை கேபிள் காரும் உணவகமும் ஈயோட்டக் கூடாது. தாழ்வான மலைகளில் பனியும் இப்போதெல்லாம் முன்போல நிச்சயமில்லை. ஆகவே கோடையிலும் ஆள் வரவேண்டும். "120 மீட்டர் ஏற்றம், வா" என்றால் பெண்டாட்டி பிள்ளை உள்ளவன் எவனும் வரமாட்டான். "மேலே கிரீடம் இருக்கிறது, நீதான் ராஜா" என்றால் டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்பான்.

வியாபாரிகள் மட்டும் இப்படி என்றால் மன்னித்துவிடலாம். அந்த நாடே இதில் கூட்டுச் சதி. 1979ல் வாக்கெடுப்பு நடத்தி, நான்கில் மூன்று பங்குக்கு மேலானவர்கள் ஆம் என்று சொல்லி, நடைபாதைகளையும் மலைநடைப் பாதைகளையும் அரசியல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அதைத் தொடர்ந்து 1985ல் ஒரு சட்டம். ஒரு பாதையை எடுக்க வேண்டி வந்தால், பதிலுக்கு வேறு பாதை தரவேண்டும் என்பது அதில் விதி. எங்கள் தெருவில் நடைபாதையை எடுத்துவிட்டு டிரான்ஸ்பார்மர், இளநீர்க் கடை, கவுன்சிலர் பெயர் போட்ட தண்ணீர்த் தொட்டி என்று பதிலுக்கு மூன்று தந்திருக்கிறார்கள். தாராளத்தில் நாம் குறைந்தவர்கள் இல்லை.

நாடு முழுக்க இந்தப் பாதைகளின் நீளம் சுமார் 65,000 கிலோமீட்டர். பூமியை ஒன்றரைச் சுற்று சுற்றலாம். திசைக்குத் திசை மஞ்சள் கைகாட்டி. 1930களில் எஸ் என்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், பிள்ளைகளை மலைக்கு நடத்திக்கொண்டு போனபோது கார்களின் தொல்லை தாங்காமல் ஆரம்பித்த இயக்கம் அது. எங்கள் காலத்து வாத்தியார்கள் கோபம் வந்தால் பெஞ்சுமேல் ஏற்றுவார்கள், அதோடு விட்டுவிடுவார்கள். இவர் கோபப்பட்டு ஒரு தேசத்தையே மலைமேல் ஏற்றிவிட்டார்.

அந்த மஞ்சள் கைகாட்டியை நம்பி நடக்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் தூரம் போடமாட்டார்கள், நேரம்தான் போடுவார்கள். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து, ஏற்ற இறக்கத்துக்குக் கூட்டிக் கழித்துப் போடுகிற கணக்கு. ஓய்வு நேரம் சேர்க்கப்படவில்லை. இதை மைத்துனன் சாதாரணமாகச் சொன்னான். என் நடையில் ஓய்வு நேரம்தான் நேரம், நடப்பது நடுநடுவே வருகிற இடைவேளை. ஆகவே அந்தக் கணக்கு என்னை எந்த விதத்திலும் கட்டுப்படுத்தாது. வெறும் மஞ்சள் என்றால் சாதாரணப் பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை என்றால் கால் பதறாத ஆளுக்கு. வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறும் அனுபவமும் வேண்டியிருக்கும். நான் மஞ்சளை நம்பி வந்தவன். முகூர்த்தப் பத்திரிகைக்குப் பிறகு மஞ்சள் என்னை ஏமாற்றியது அங்கேதான்.

ராஜபாட்டைக்கு வருகிறேன். வெங்கனிலிருந்து கேபிள் கார் ஏறத்தாழ 950 மீட்டரைச் சில நிமிடங்களில் தூக்கிக்கொண்டுபோய் மென்லிகன்மேல் வைத்துவிடும். அதன் கூரைமேல் ஒரு திறந்த மாடம் உண்டு. அதில் நின்றுகொண்டு போகத் தனிக் காசு. நம் ஊரில் பஸ் கூரைமேல் போனால் போலீஸ் பிடிக்கும், இங்கே ரசீது கொடுக்கிறார்கள். ஒரு ஃபிராங்க் நூறு ரூபாய் என்று மனசுக்குள் பெருக்கியபடி, "மேல காத்து ஜாஸ்தி, உனக்கு சைனஸ் இருக்கு" என்று மனைவியிடம் சொன்னேன். சைனஸ் எனக்குத்தான் என்று பையன் நினைவூட்டினான். மனைவியும் மாமியாரும் கூரைமேல் போனார்கள். கீழே நானும் என் சைனஸும்.

மேலே இறங்கியதும் பாதை கண்ணுக்கு நேரே தெரிகிறது. இது ஒரு பெரிய கெடுதல். எங்கே ஏறப்போகிறோம் என்பதை ஆரம்பத்திலேயே காட்டிவிடக் கூடாது. புல்மேட்டின் முதுகில் சரளைக்கல் பாதை வளைந்து வளைந்து போகிறது, உச்சியில் கிரீட வடிவத்தில் பார்வை மேடை. அரை மணி நேரம் என்றார்கள். வழியில் ராஜவாழ்க்கையைச் சொல்கிற நிறுத்தங்கள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் நான் மிகுந்த ஈடுபாட்டோடு நின்றேன். ஜெர்மனில் எழுதியிருந்ததையும் முழுக்க வாசித்தேன். எனக்கு ஜெர்மன் தெரியாது என்பதை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை.

மாமியாருக்கு வயது அறுபத்தெட்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலையில் பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு கிரிவலம் போகிறவர். மைத்துனன் வாங்கிக் கொடுத்த ஷூவைப் புடவைக்குக் கீழே போட்டுக்கொண்டு, எனக்கு இரண்டு வளைவு முன்னால் போய், நின்று திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"கிரிவலத்துல எட்டு லிங்கம் இருக்கில்ல மாப்ளே, ஒண்ணைக் கும்பிட்டா அடுத்தது எங்கேன்னு காலு தானா போவும். அதைத்தான் இவங்களும் பண்ணி வெச்சிருக்காங்க. பலகையை வெச்சிருக்காங்க பாருங்க, அங்கங்க."

சுற்றுலாத் துறைக்காரர்கள் நிபுணர்களை வைத்துக் கண்டுபிடித்ததை மாமியார் மூச்சு வாங்காமல் சொல்லிவிட்டார். எனக்கு பதில் சொல்ல மூச்சு மிச்சமில்லை. தலையாட்டினேன், டாக்டரிடம் ஆட்டுவதைப்போலவே.

உச்சி 2,342 மீட்டர். கிரீட மேடையில் நின்றால் ஒரு பக்கம் ஐகர், மோன்ஷ், யுங்ஃபிராவ் மூன்றும் வரிசையாக. மறுபக்கம் பார்த்தால் பள்ளத்தாக்கு மொத்தமும் காலுக்குக் கீழே. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். என் ஆட்சி ஒரு புகைப்பட நேரம் நீடித்தது. "வயித்தை உள்ள இழுங்க" என்று பட்டத்து ராணி உத்தரவிட்டாள். உள்ளே இழுத்தால் மூச்சு விட முடியவில்லை, மூச்சு விட்டால் படம் கெடுகிறது. மன்னர்களை ஓவியர்கள் ஏன் உட்கார வைத்து வரைந்தார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

பசுமாட்டுப் பாதையில் மாமியாரின் பக்தி ஒரு நிர்வாகப் பிரச்சினை ஆனது. அந்தப் பாதை, தபால்காரரோடு சிநேகமாக இருக்கும் லீஸலோட்டே என்கிற படக்கதைப் பசுவின் பெயரில் குழந்தைகளுக்குப் போட்டது. படக்கதைப் பசு மரத்தில் செய்தது, சாது. பக்கத்துப் புல்வெளியில் நிஜப் பசுக்கள் கழுத்தில் மணியோடு மேய்கின்றன. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று மாமியார். கன்றோடு இருக்கிற மாட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள் என்று அந்த மலைகளில் எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள் என்று மைத்துனன். "எதுக்கு முட்டும்? கோமாதாடா அது" என்று மாமியார். இந்த விவாதத்தில் கலந்துகொள்ளாமல் இரண்டு நிமிஷம் சாய்ந்து நிற்கலாம் என்று வேலிப் பக்கம் ஒதுங்கினேன். வேலி என்று பேர்தான். இடுப்பு உயரத்தில் மெல்லிய நைலான் கயிறு ஒன்று, நடுவில் பொடிசாக உலோக இழை பின்னியிருக்கும், பக்கத்தில் ஒரு பெட்டி 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டிருக்கும். அந்த இழை எதற்கு என்று பசுக்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் போட்ட சத்தத்தில் மந்தை மொத்தமும் தலையைத் தூக்கிப் பார்த்தது. அத்தனை மணியும் ஒரே நேரத்தில் அடித்தது. மாமியார் கைகூப்பினார், தரிசனம் கிடைத்துவிட்டதாம். மாட்டுக்கென்று வைத்த அளவு ஷாக், ஆளை ஒன்றும் செய்யாது என்று மைத்துனன் ஆறுதல் சொன்னான். அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் நான் எல்லாருக்கும் முன்னால் நடந்தேன் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

மென்லிகனிலிருந்து கிளைன ஷைடெக் போகிற பாதைதான் அந்த வட்டாரத்திலேயே பெரிய பெயர் பெற்றது. நாலரைக் கிலோமீட்டர் அளவு, பெரும்பாலும் லேசான இறக்கம், வழி முழுக்க ஐகர் உங்களைப் பார்த்துக்கொண்டே வரும். குழந்தைத் தள்ளுவண்டியோடு போகலாம் என்றே பெயர். போனார்கள். வண்டியில் ஒன்று, முதுகில் ஒன்று என்று இரண்டு குழந்தைகளோடு ஒரு பெண் என்னைத் தாண்டிப் போனாள், தாண்டும்போது அன்பாக வணக்கமும் சொன்னாள். அங்கே பாதையில் எதிர்ப்படுகிற எல்லாரும் வணக்கம் சொல்வார்கள், 'க்ரூயஸெக்' என்று. நல்ல பண்பாடு. ஆனால் பதில் வணக்கத்துக்கு மூச்சை ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கூட்டமான இடத்தில் எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

வழியோரத்து உணவகம் ஒன்றில் உட்கார்ந்து, காப்பி விலையை நூறால் பெருக்கி முடித்து, அடுத்து நடப்பதா ரயிலில் போவதா என்று நானும் மனைவியும் விவாதித்துக்கொண்டிருந்தோம். தட்டு எடுக்க வந்தவர் நின்றார். "இந்தியாவோ?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் தொடங்கி அகதிகளாக வந்து, இன்றைக்கு ஐம்பதாயிரம் அளவில் ஈழத்தமிழர்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். ஓட்டல் சமையலறைகளில் அவர்கள் உழைப்பு பெரிசு. பெர்னில் 2014ல் திறந்த சமயங்களின் இல்லத்தில் அவர்களுடைய கோவிலும் இருக்கிறது.

"மேல இருந்து நடந்தோ வாறியள்?"

ஆமாம் என்றேன், கொஞ்சம் கம்பீரமாக.

"நான் இஞ்ச வேலைக்கு வந்து கனகாலம் அண்ணை. ஒருநாள் தன்னும் உந்தப் பாதையால நடந்ததில்லை. காலமை வண்டியில ஏறுறது, பின்னேரம் வண்டியில இறங்குறது. காலுக்கு வேலை குசினிக்குள்ளயே காணும்."

அப்படியே எழுந்து கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. எழுந்திருக்க முடியவில்லை. மாமியார் சைவம் என்று கேட்டுக்கொண்டு, இறைச்சி படாமல் உருளைக்கிழங்கு ரோஸ்டி முறுகலாகச் செய்து கொண்டுவந்து வைத்தார். அவர் நடக்காததற்குக் காரணம் உழைப்பு, நான் நடக்காததற்குக் காரணம் நான் என்கிற வித்தியாசத்தை மனைவி அந்த ரோஸ்டி முடிவதற்குள் விளக்கிவிட்டாள்.

ஐகர் பாதை எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது முழுக்க இறக்கம். 2020 டிசம்பரில் வந்த புது கேபிள் கார் கிரிண்டல்வால்டிலிருந்து கால் மணியில் ஐகர்கிளெட்ஷர் கொண்டுவந்து விட்டுவிடும். அங்கிருந்து கிளைன ஷைடெக்வரை பூமியின் ஈர்ப்பு விசையே கூட்டிக்கொண்டு போகும். வழியில் ஃபால்போடன் ஏரி. மலைகள் தலைகீழாகத் தெரிகிற நீலக் கண்ணாடி. பரவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம், குளிர்காலத்தில் செயற்கைப் பனி அடிக்கத் தண்ணீர் தேக்குகிற தொட்டி மாமா இது என்றான் மைத்துனன். தொட்டியையும் இப்படிக் கட்டலாம் என்பது எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தெரியவேண்டும்.

அந்தப் பாதையோரம் ஒரு பழைய மரக்குடில் வைத்திருக்கிறார்கள். 1921ல் யூக்கோ மாக்கி என்ற ஜப்பானியர் உள்ளூர் வழிகாட்டிகள் மூவரோடு ஐகரின் மிட்டலெகி விளிம்பில் முதல் முறையாக ஏறினார். அங்கே ஒரு குடில் கட்டப் பணமும் கொடுத்தார். 1924ல் கட்டிய அந்தக் குடில்தான் பின்னாளில் கீழே வந்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தால் பலகைப் படுக்கைகள். படுக்கை தெரிந்ததால் நானும் நெடுநேரம் பார்த்தேன்.

வடக்கு முகம் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற 1,800 மீட்டர் சுவர். 1936 ஜூலையில் ஏறிய நால்வரும் திரும்பவில்லை. கடைசியாக உயிரோடிருந்த டோனி குர்ட்ஸ், மீட்க வந்தவர்களுக்குச் சில மீட்டர் மேலே கயிற்றில் தொங்கியபடியே இறந்தார். இரண்டு வருஷம் கழித்து, 1938 ஜூலை 24ல், வேறு நால்வர் உச்சியைத் தொட்டார்கள். அந்த இடத்தில் என் கால்வலியைப் பற்றிப் பேச எனக்கே கூச்சமாக இருந்தது, பேசவில்லை. அந்த நால்வரில் ஒருவரான ஹைன்ரிக் ஹாரர் பிற்பாடு யுத்த காலத்தில் நம் டேராடூன் முகாமில் கைதியாக இருந்து, தப்பித்துத் திபெத்துக்கு நடந்தே போனார். தப்பித்த மனுஷன் எங்காவது உட்காருவான் என்றுதானே நாம் நினைப்போம்.

பூப்பாதை சீக்கிரம் முடிந்துவிடுகிற பாதை, இருபது நிமிஷச் சுற்று. ம்யூரனிலிருந்து ஆல்மெண்ட்ஹூபல் மேட்டுக்கு 1912ல் போட்ட கம்பிவட ரயில் ஏற்றிவிடும். 150 வகைக்கு மேல் மலைப்பூக்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை. ஜென்டியனின் நீலத்தைப் பார்த்ததும் மாமியாரின் கை பழக்கதோஷத்தில் நீண்டது, பூஜைக்கு. பறிக்கக் கூடாதும்மா என்று மைத்துனன் தடுத்தான். அப்புறம் அவர் ஒவ்வொரு பூவிடமும் குனிந்து நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார். கைகாட்டி சொன்ன நேரத்தைவிட நான் முன்னால் முடித்த ஒரே பாதை அது. அதை யாரும் படம் எடுக்கவில்லை. பாண்டு மலைக்கு மாமனும் மருமகனும் போய்வந்தார்கள். டிக்கெட் விலையை நூறால் பெருக்கிப் பார்த்துவிட்டு, எனக்குச் சின்ன வயசிலிருந்தே பாண்டைப் பிடிக்காது என்று அறிவித்திருந்தேன்.

போகிறவர்கள் ஜூன் கடைசிக்கும் செப்டம்பருக்கும் நடுவில் போங்கள், மற்ற மாதங்களில் இந்த உயரத்தில் பனி கிடக்கலாம். தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், பாதையோர மரத்தொட்டிக் குழாய்களில் குடிக்காதே என்று எழுதியிருந்தால் தவிர நல்ல தண்ணீர்தான். பல இடங்களில் அடுப்புக் கல்லும் வெட்டிய விறகும் இலவசமாக வைத்திருப்பார்கள், யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை. கைகாட்டி நேரத்தை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக ஒன்று: கீழே இறங்குகிற கடைசி கேபிள் கார் மாலை ஐந்தரை, ஆறுக்கெல்லாம் போய்விடும். ஏறுவதற்கு முன்னால் அந்த நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் அதற்குப் பிறகு தீம் எதுவும் கிடையாது, நடைதான்.